பத்துக்கடையில் பஸ் நிற்பதில்லை

எனக்கு இருபத்தொரு வயது, வீடு குண்டசாலையில், எனக்குப் பஸ் பிடிக்கும். இந்த வலைப்பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். பஸ்ஸில் போவது மட்டுமல்ல, பஸ்ஸே பிடிக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஹோர்ன் சத்தத்தை வைத்தே எந்த பஸ் வருகிறது என்று சொல்வேன். கியர் மாற்றும் சத்தத்தில் இன்றைக்கு யார் ஓட்டுகிறார் என்றுகூடச் சில நேரம் சரியாகச் சொல்லியிருக்கிறேன். (வீட்டில் யாரும் இதை ஒரு திறமையாக மதிப்பதில்லை.)

போன வருடம் நான் எழுதியவற்றில் அதிகம் பேர் படித்தது ஓர் அட்டவணை. கண்டியிலிருந்து கிழக்கே மலையேறும் தனியார் பஸ்கள் எந்த இடத்தில் எத்தனை நிமிடம் நிற்கின்றன என்று, ஒவ்வொன்றிலும் ஏறி, கடிகாரம் பிடித்து, நொடிக்கணக்கில் எழுதியிருந்தேன். யார் யாரோ பகிர்ந்தார்கள். ஒரு வாரம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. "புதிய நேரங்களைப் போடுங்கள்" என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால், இந்த ஆகஸ்டில் கூட்டம் குறைந்த ஒரு புதன்கிழமை கிளம்பினேன்.

இன்னொரு காரணமும் இருந்தது. தெல்தெனியவுக்கு அப்பால், விக்டோரியா நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி பஸ்களுக்குப் புதிய தரிப்பிடம் திறந்திருக்கிறார்கள். சுத்தமான கழிவறை, கண்ணாடிச் சுவர் வைத்த சிற்றுண்டிச்சாலை, நான்கு பஸ் ஒரே நேரத்தில் நிற்கக்கூடிய கொங்கிரீட் தளம். அந்தப் பகுதியையே தூக்கி நிறுத்தப்போகிற திட்டம் என்றார்கள். படங்களைப் பார்த்ததிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சந்தோஷமான ஒரு பதிவு எழுதத்தான் போனேன். இது அந்தப் பதிவு இல்லை.

குண்டசாலை அதே பாதையில்தான் இருக்கிறது, வீட்டு வாசலிலேயே ஏறலாம். ஆனால் அங்கே ஏறினால் சாரதிக்குப் பக்கத்து முன் சீட் கிடைக்காது. அதனால் முதலில் 8 கிலோமீற்றர் பின்னோக்கிக் கண்டிக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்தேன். (சிரிக்காதீர்கள். முன் சீட்டின் அருமை உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.) காலை 7.10க்குப் பஸ் கிளம்பியது. நீல நிற லேலண்ட், கண்ணாடிக்கு மேலே பிளாஸ்டிக் மல்லிகைச் சரம். 7.38க்கு என் வீட்டு வாசலைக் கடந்தது. அம்மா கேற்றடியில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். திகன 8.02, தெல்தெனிய 8.26. பஸ் வழக்கமாகச் சாப்பாட்டுக்கு நிற்கும் பத்துக்கடை வரை டிக்கெட் 140 ரூபாய்; புதிய தரிப்பிடம் அதற்குச் சற்று மேலே.

தெல்தெனிய பற்றித் தெரியாதவர்களுக்கு: நீங்கள் இறங்கும் தெல்தெனிய பழைய தெல்தெனிய இல்லை. விக்டோரியா அணை கட்டியபோது பழைய ஊர் தண்ணீருக்குள் போய்விட்டது. இப்போதிருப்பது மேட்டில் புதிதாகக் கட்டியது. மழை பொய்த்தால் நீர் இறங்கிப் பழைய சுவர்கள் வெளியே தெரியும், எல்லோரும் படமெடுக்கப் போவார்கள். நானும் போயிருக்கிறேன்.

அங்கே பாதிக் கூட்டம் இறங்கியதும் கண்டக்டர் அண்ணன் என் பக்கம் வந்தார். போன வருடம் அவர் பஸ்ஸில் நான்கு தடவை போனதில் என்னை அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"என்னம்மா, மறுபடி வந்துட்டியா? இன்னைக்கி எது வரைக்கும், பத்துக்கடையா? அங்க இப்ப நிக்கிறதில்லையே. எறக்கிவிட்டுட்டுப் போயிருவோம்."

"சும்மா சொல்லாதீங்கண்ணே. அங்க நிக்காம நீங்க எங்க சாப்புடுவீங்க?"

"நெசமாத்தான். ஏழு மாசமாச்சு. எவனோ நெட்டுல எழுதிட்டான், நாங்க ஓசிச் சோறு திங்கிறதுக்காகப் பதினேழு நிமிஷம் நிப்பாட்டுறோம்னு. செக்கன் கணக்கு வேற போட்டிருக்கான், பரதேசி. ஆபிசுக்குக் கூப்பிட்டு அந்தப் பேப்பரக் காட்டித்தான் ஏசுனாங்க. இனி அங்க நிப்பாட்டுனா பெர்மிட் போயிருமாம்."

பதினேழு நிமிடம் இருபது நொடி. அது என் எண்.

மலைப்பாதையில் அடிக்கடி போகிறவர்களுக்கு இந்த வழக்கம் தெரியும். பஸ் எந்தச் சாப்பாட்டுக்கடை முன்னால் நிற்கிறதோ, அந்தக் கடையில் சாரதியும் கண்டக்டரும் காசு கொடுப்பதில்லை. இரண்டு பேருக்குச் சோறு போட்டால் ஒரு பஸ் சனம் கடைக்கு வரும். எல்லோருக்கும் தெரியும், யாரும் எழுதுவதில்லை. நான் எழுதினேன். பெரிய இரகசியத்தைக் கண்டுபிடித்த மாதிரி, மூன்று ஆச்சரியக்குறி போட்டு எழுதினேன். "அந்தப் பரதேசி நான்தான்" என்று அவரிடம் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தெல்தெனியவிலிருந்து 7.4 கிலோமீற்றர். பத்துக்கடைக்குக் கீழே உள்ள வளைவில் சாரதி குட்டையாக இரண்டு தரம் ஹோர்ன் அடித்தார். எதிரே வாகனம் எதுவும் இல்லை. 8.51க்கு நான் இறங்கினேன், பஸ் போய்விட்டது.

பத்துக்கடை என்பது பெயருக்கேற்ற மாதிரி ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகப் பத்துக் கடைகள். போன வருடம் எட்டு திறந்திருந்தன. இன்றைக்கு மூன்று. சலூனில் கதிரையைக் காணோம், கண்ணாடி மட்டும் சுவரில் இருக்கிறது. போன் ரீலோட் போடும் கடையின் பூட்டுக்குள்ளிருந்து ஒரு சின்னச் செடி முளைத்திருக்கிறது. பஸ் வழக்கமாக நிற்கும் இடத்தில் சரளைக்கல்லில் எண்ணெய்க் கறை இன்னும் கறுப்பாக இருக்கிறது. அதன் ஓரத்திலிருந்து புல் உள்ளே வர ஆரம்பித்துவிட்டது.

மூன்றாவது கடையிலிருந்து ஒரு பெண் கையைத் துடைத்துக்கொண்டே வேகமாக வெளியே வந்தார். பஸ் போன திசையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். யோகம் அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும், சாப்பாட்டுக்கடை அவருடையது. (பெயர்களை மாற்றியிருக்கிறேன்.)

"ஹோர்ன் கேட்டுச்சு, எந்திரிச்சு வந்துட்டேன்" என்றார். "அந்த மனுசனும் அடிக்கிறத விடமாட்டேங்குறாரு, நானும் எந்திரிக்கிறத விடமாட்டேங்குறேன். வா தங்கச்சி, உள்ள வா. தனியாவா வந்த?"

உள்ளே ஒரே ஒரு வாடிக்கையாளர். வெளியே நின்ற சிவப்பு ஆட்டோவின் சொந்தக்காரர், ஃபாஹிம் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்போம்). ஊர் அலவத்துகொட; கலியாணம் முடித்து இந்தப் பக்கம் வந்தவர். பிளேன்டீயும் தேங்காய் ரொட்டியும் வாங்கினேன், 130 ரூபாய். அடுப்படியில் இரண்டு பெரிய கேத்தல். ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது.

பஸ் நின்ற காலத்தில் இந்தக் கடை நடந்த விதம் எனக்கு ஒரு விளையாட்டுப் போட்டி பார்ப்பது மாதிரி இருக்கும். கீழ் வளைவில் இரண்டு ஹோர்ன் கேட்டதும், பஸ் வந்து நிற்பதற்குள் யோகம் அக்கா இருபத்தைந்து கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிவிடுவார். அரைவேக்காட்டில் வைத்த ரொட்டிகள் மறுபடி கல்லில் விழும். வாசல் மேசையில் சோத்துப் பார்சல்கள் அடுக்கியிருக்கும். சனம் இறங்கி நாலு அடி வைப்பதற்குள் கையில் கோப்பை. அந்த ஹோர்ன்தான் இப்போதும் கேட்கிறது. பஸ்தான் நிற்பதில்லை.

"இந்தப் பத்துக் கடையும் எப்படி வந்துச்சு தெரியுமா?" என்றார். "பழைய தெல்தெனியவுல எம் மாமனாருக்குக் கடை. அணை கட்டுறோம், புது டவுன்ல எடம் தாறோம்னாங்க. குடுத்தாங்க, ரோட்டுக்குப் பின்னால, மேட்டுல, ஆடு கூட ஏறாத எடம். பத்துப் பேரு வேணாம்னுட்டு மேல வந்து ரோட்டோரமா கடையப் போட்டாங்க. பஸ்ஸு எங்கயோ கடை அங்க. அது ஒண்ணுதான் எங்களுக்குத் தெரியும்."

ஃபாஹிம் நானா ரொட்டியைக் கிள்ளிக்கொண்டே குறுக்கே வந்தார். "அக்காட கதய மட்டும் கேக்காதீங்க தங்கச்சி. நான் செல்றதயும் கேளுங்க. மேல புது எடத்துல பாத்ரூம் ஈக்கி, தண்ணி ஈக்கி, வெள்ளக்காரன் வந்து படம் புடிக்கிறான். எனக்கு ஒரு நாளைக்கு நாலு ஹயர் கெடைக்கிது. இங்க பதினேழு நிமிஷம் நிப்பாட்டினா ஆஸ்பத்திரிக்குப் போற சனம் ஏசின ஏச்சு இவங்களுக்கு மறந்து போச்சு."

"அங்க அவ்வளவு நல்லாயிருக்குன்னா அங்கயே டீ குடிக்கிறதுதானே? இங்க என்னத்துக்கு வாறீங்க?"

"அங்க பிளேன்டீ நூத்தி இருவது ரூவா. நான் என்ன வெள்ளக்காரனா?"

யோகம் அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். பத்துக்கடையில் நான் சிரித்தது அத்தோடு சரி.

மறுபடி பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கேட்டுப் பார்த்தீர்களா என்றேன். கேட்டிருக்கிறார்கள். கடைக்காரர்கள் எல்லோரும் கையெழுத்து வைத்து, பதினேழு வேண்டாம், ஐந்து நிமிடம் போதும் என்று கடிதம் கொடுத்திருக்கிறார்கள். முந்தின நாள்தான் பதில் வந்ததாம். அலுமாரியைத் திறந்து ஒரு உறையை எடுத்தார். அதே தட்டில் கடும் நீல அட்டை போட்ட புத்தம் புதிய பாஸ்போர்ட் ஒன்று இருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"குவைத்துக்கு. வீட்டு வேலை. ஏஜென்சிக்காரன் ரெடியா இருக்கான். இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன்னு சொல்லியிருந்தேன். பஸ்ஸு நின்னா கடை, நிக்காட்டி குவைத்துன்னு. இப்ப நிக்காதுன்னு எழுதியே அனுப்பிட்டாங்க."

கடிதம் சிங்களத்தில் இருந்தது. ஃபாஹிம் நானா ஏற்கெனவே வாசித்துச் சொல்லிவிட்டாராம். அதன் பின்னால் இன்னொரு தாளையும் பின் அடித்து இணைத்திருந்தார்கள். அது தமிழில் இருந்தது. அட்டவணை. பத்துக்கடை வரியில் மட்டும் மஞ்சள் மை. அதற்குக் கீழே: "ஓசிச் சாப்பாட்டுக்காக 17 நிமிடம் 20 நொடி!!!" தலைப்பில் இந்தப் பக்கத்தின் பெயர். நானே வரைந்த குட்டி பஸ் படம்கூட இருந்தது.

அதை வைத்துக்கொண்டு வாயை மூடியிருக்க என்னால் முடியவில்லை. "அக்கா, இத எழுதினது நான்தான்."

ஃபாஹிம் நானாதான் முதலில் வாய் திறந்தார். "அட, நீங்களா? நாங்க யாரோ ரிட்டயர் ஆன ஆபிசர்னு நெனச்சி ஏசின ஏச்சு! பெரிய மீச வெச்ச ஆள் ஒண்ட மனசுல நெனச்சி வெச்சிருந்தேனே!"

யோகம் அக்கா எழுந்து போய் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஓசிச் சோறு ரெண்டு பேரும் எத்தன நிமிசம் சாப்பிடுவாங்க? நீதான் கடிகாரம் வச்சிருந்தியே."

யோசித்தேன். உண்மையில் அவர்கள் வேகமாகச் சாப்பிடுகிறவர்கள். "ஒரு எட்டு நிமிஷம் இருக்கும்."

"அப்ப மிச்சம்?"

நான் மறுபடி அந்தத் தாளைப் பார்த்தேன்.

"மிச்சம் கக்கூசு வரிசை. கண்டியில இருந்து மஹியங்கனை வரைக்கும் பொம்பளைங்க ஒதுங்க எங்க எடம் இருந்துச்சு? எங்க கடைக்குப் பின்னால இருக்கே, அது ஒண்ணுதான். பத்துப் பதினஞ்சு பேரு நிப்பாங்க. கைப்புள்ளக்காரி, வயித்துப்புள்ளக்காரி, வயசானவங்க. கடைசி ஆளு திரும்பி வந்து பஸ்ஸுல ஏறுற வரைக்கும் டிரைவரு கதவச் சாத்தமாட்டாரு. அதுதான் பதினேழு. ஒருத்திகிட்டயும் நான் அஞ்சு சதம் வாங்கினதில்ல." பிறகு கேட்டார். "நீயும் போனியே தங்கச்சி. சாவிய உங் கையிலதான குடுத்தேன்?"

கொடுத்தார். பழைய அகப்பை ஒன்றில் கட்டிய சாவி. நான்கு தடவையும் போயிருக்கிறேன். வரிசையில் நின்றுகொண்டே கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் பஸ் கிளம்பவில்லை என்று குறித்துக்கொண்டிருக்கிறேன். பஸ் எனக்காகத்தான் நிற்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அப்புறம் நான் படபடவென்று பேசினேன். அட்டவணையை எடுத்துவிடுகிறேன், உண்மையை எழுதுகிறேன், படிப்பவர்களிடம் கையெழுத்து வாங்குகிறேன். கடைசியாக, எனக்கே பெரிய யோசனையாகத் தோன்றியதைச் சொன்னேன்: "இப்பவே மேல போய் புது எடத்துல பஸ் எத்தன நிமிஷம் நிக்குதுன்னு பாத்து எழுதுறேன் அக்கா. அங்க கொஞ்ச நேரந்தான் நிக்குதான்னு பாப்போமே!"

"வேணாம்." அவ்வளவு நேரம் உயராத குரல் உயர்ந்தது. "அங்க போய் கடிகாரத்தப் பாக்காத. பாத்தாலும் எழுதாத. பத்துக்கடைப் புள்ளைங்க அஞ்சு பேரு அங்கதான் வேலைக்கு நிக்குதுங்க. எம் மகளும் ஒருத்தி. நீ ஒண்ண எழுதுவ, எவனாவது அதத் தூக்கிட்டு ஆபிசுக்குப் போவான், பஸ்ஸு அங்கயும் நிக்காது. இங்கயும் நிக்காது. அப்பறம் என்ன, நாங்க எல்லாருமே குவைத்துக்குப் போறதா?"

ஃபாஹிம் நானா கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் என்னதான் அக்கா எழுதுறது?"

"கக்கூசப் பத்தி எழுது" என்றார். "அத ஒருத்தரும் எழுதல."

மதியச் சாப்பாட்டையும் அங்கேயே சாப்பிட்டுவிட்டு, பிற்பகல் 1.30க்கு அங்கிருந்து மேலே நடந்தேன். 1.2 கிலோமீற்றர் ஏற்றம், 24 நிமிடம். ஆட்டோவில் சும்மா கொண்டுபோய் விடுகிறேன் என்று ஃபாஹிம் நானா சொன்னார். வேண்டாமென்றேன். புதிய தரிப்பிடம் படத்தில் பார்த்ததைவிட அழகாக இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். நீர்த்தேக்கம் முழுவதும் கீழே விரிந்து தெரிகிறது. கழிவறை பளிச்சென்று இருக்கிறது, கட்டணம் 50 ரூபாய். மஹியங்கனையிலிருந்து வந்த பஸ்ஸில் ஓர் அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கதவு வரை போய், பலகையை வாசித்து, திரும்பி வந்து பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டார். சிற்றுண்டிச்சாலையில் தொப்பி போட்ட ஒரு பெண் எனக்கு முட்டை ரோல்ஸ் தந்தார். சிரிக்கும்போது யோகம் அக்காவின் முகம். நான் யாரென்று சொல்லவில்லை.

நான் ஏறவேண்டிய பஸ் வந்து நின்றது. காலையில் வந்த அதே நீல லேலண்ட், திரும்பிக் கண்டிக்கு. சாரதியும் கண்டக்டரும் உள்ளே போனார்கள். கடிகாரம் கையில் கட்டியிருந்தது. பழக்கத்தில் பட்டனை அழுத்திவிட்டேன். அதை நிறுத்தாமல் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

பஸ் கிளம்பியதும் கண்டக்டர் அண்ணனிடம் சொன்னேன். "அண்ணே, காலைல சொன்னீங்களே ஒரு பரதேசி, அது நான்தான்." அவர் என்னை நீண்ட நேரம் பார்த்தார். டிக்கெட்டைக் கிழித்துக் கையில் வைத்தார், மிச்சக் காசைத் தந்தார், பின்னால் போய்விட்டார். குண்டசாலையில் நான் இறங்கும் வரை என் பக்கம் வரவில்லை.

பத்துக்கடைக்கு மேலே உள்ள வளைவில் சாரதி இரண்டு தரம் ஹோர்ன் அடித்தார். ஜன்னலோரம் இருந்ததால் எனக்கு நன்றாகத் தெரிந்தது. யோகம் அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தார்.

அந்த அட்டவணையை அன்று இரவே அழித்துவிட்டேன். பகிர்ந்தவர்கள் பலரிடம் அது இன்னும் இருக்கிறது. தயவுசெய்து நீங்களும் அழித்துவிடுங்கள். இடங்கள் ஏன் செழிக்கின்றன, ஏன் படுக்கின்றன என்று பெரிய பெரிய கட்டுரைகள் படித்திருக்கிறேன். நான் நேரில் பார்த்த ஒரே ஊர் படுத்தது என் ஆச்சரியக்குறிகளால். புதிய தரிப்பிடம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. அதைக் கட்டியபோது, இருந்த ஒரு கழிவறையையும் அதன் சாவியை வைத்திருந்தவரையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கணக்கெடுக்க வந்த ஒரே ஆள் நான். நானும் எழுதவில்லை.

போகிறவர்களுக்கு: கண்டியிலிருந்து காலை 7.10 பஸ், 140 ரூபாய். தெல்தெனிய தாண்டியதும் கண்டக்டரிடம் "பத்துக்கடை இறக்கம்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள், இல்லாவிட்டால் பஸ் போய்விடும். சாப்பாடு மூன்றாவது கடையில். கட்டசம்பல் காரம், கேட்டால் பருப்பு கூடுதலாகப் போடுவார். திரும்பி வரும் பஸ்ஸுக்கு மேலே புதிய தரிப்பிடம் வரை 24 நிமிடம் நடக்கவேண்டும், அல்லது வாசலில் நிற்கும் சிவப்பு ஆட்டோ, 200 ரூபாய்.

புதிய தரிப்பிடத்தில் பஸ் நிற்கும் நேரம்: எழுதவில்லை. கேட்டு எழுதாதீர்கள்.

பெண்களுக்கு: மூன்றாவது கடைக்குப் பின்னால் கழிவறை இருக்கிறது. தண்ணீர் வாளியில், சுத்தமாக இருக்கும், காசு இல்லை. சாவி அடுப்படிச் சுவரில், அகப்பையோடு தொங்குகிறது. கேட்டால் தருவார். இந்த மாதக் கடைசி வரை.